நேர்ச்சைப் போத்தல்

சிவப்பு ஒயினை நான் முதலில் அறிந்தது கறையாகத்தான். சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம், தம்போயில் நான் வேலை செய்யும் டோபிக் கடைக்குக் கல்யாண மண்டபங்களிலிருந்து மேசை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வரும். குழம்புக் கறைகூடச் சொன்ன பேச்சைக் கேட்கும். ஒயின் கறை கேட்காது. அவசரத்தில் வெந்நீரை ஊற்றினால் போச்சு, துணி கிழியும்வரை கூடவே இருக்கும். அதனால் என் வீட்டுக்காரர் ஒயினைப் பற்றி வாய் ஓயாமல் பேசும்போதெல்லாம் எனக்கு அந்த விரிப்புகள்தான் ஞாபகத்துக்கு வரும். "போதும்லா உங்க ஒயின் புராணம். அதைக் கசக்கிப் பிழியறவளுக்குத்தான் அதோட குணம் தெரியும்" என்பேன்.

அவர் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூரில் ஓர் உணவகத்தில் ஒயின் பரிமாறிக்கொண்டிருந்தார். தட்டு கழுவுகிறவராகத்தான் போனார். வாடிக்கையாளர்கள் விலை உயர்ந்த போத்தலைத் திறந்து, குடித்து, அடியில் ஒரு விரல் அளவு மிச்சம் வைத்துவிட்டுப் போவார்களாம். கடை மூடும் நேரத்தில் ஊழியர்கள் ஆளுக்கொரு மிடறாக அதைப் பங்கு போட்டு, வாயில் வைத்து, என்ன தெரிகிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிப் பார்ப்பார்கள். மற்றவர்கள் விளையாட்டுக்குச் சொன்னார்கள். இவர் நினைவில் வைத்துக்கொண்டார். பணக்காரர்கள் மிச்சம் வைத்ததில் படித்த படிப்பு அது. அந்தப் படிப்பைப் பார்த்துத்தான் முதலாளி இவரைத் தட்டு கழுவும் இடத்திலிருந்து மேசைப் பக்கம் கொண்டுவந்தார்.

வெளியே அந்த நாக்குக்கு மரியாதை. வீட்டில் அது எனக்குத் தலைவலி. ஒரு வாய் வைப்பார், ஒரு நொடி நிறுத்துவார், அந்த நிறுத்தத்திலேயே எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். "கொத்தமல்லி கொஞ்சம் கருகிடுச்சு." "தேங்கா நேத்து துருவினதா?" "இன்னிக்கு சீரகம் பழசு." சொல்வதெல்லாம் உண்மை என்பதுதான் இன்னும் கோபம். வேலை முடிந்து வந்து, கால் கடுக்க நின்று சமைத்தவளிடம் ஒரு மனுஷன் பேசுகிற பேச்சா இது? "அப்ப நாளைலேந்து நீங்களே குசினிக்குள்ள போங்க" என்று கரண்டியை நீட்டியிருக்கிறேன். இந்த நாக்கு ஒருநாள் அடங்காதா என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறேன். எல்லாப் பெண்டாட்டிகளும் சொல்வதுதான்.

பிறகு அவர் தொண்டையில் கட்டி வந்தது. ரேடியேஷன் கொடுத்தார்கள். கட்டி கரைந்தது. அதற்காக இன்றுவரை முழந்தாளிட்டு நன்றி சொல்கிறேன். ஆனால் கட்டியோடு எச்சிலும் போனது, ருசியும் வாசனையும் போயின. வாய் எப்போதும் வறண்டே கிடக்கும். தண்ணீர் போத்தல் இல்லாமல் வாசல்வரைகூடப் போக மாட்டார். நாலு வார்த்தை பேசினால் ஒரு மிடறு குடிக்க வேண்டும். ருசி எப்போது திரும்பும் என்று ஆஸ்பத்திரியில் கேட்டேன். மலாய்க்கார டாக்டர், சின்ன வயசுப் பெண், என் கையைப் பிடித்துக்கொண்டு "சபார் யா, காக்" என்றார். பொறுமையாக இருங்கள் அக்கா, சிலருக்கு ஒரு வருஷத்தில் வரும், சிலருக்குக் கொஞ்சம் வரும், சிலருக்கு வராமலே போகும் என்று பூப்போலச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து கஞ்சி வைத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு "நல்லாருக்கு" என்றார். மறுநாள் மீன் குழம்பு, நன்றாக மசித்துக் கொடுத்தேன். "நல்லாருக்கு." ஒருநாள் சோறு அடிப்பிடித்து வீடே நாறியது. அதற்கும் "நல்லாருக்கு" என்றார். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டாலே எனக்கு அழுகை வர ஆரம்பித்தது. என்னோடு சண்டை போட்ட மனுஷன் எங்கோ போய்விட்டு, மரியாதை தெரிந்த விருந்தாளி ஒருவரை அனுப்பி வைத்ததுபோல இருந்தது.

வேலைக்குத் திரும்புகிற பேச்சு வந்தபோது முதலாளியே காரில் பாலத்தைக் கடந்து வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், சீனர். ஒரு போத்தலை இரண்டு கையாலும் நீட்டினார். உன் இடம் உனக்காக இருக்கிறது, ருசி திரும்பிய அன்று இதைத் திறந்து குடி, மறுநாள் வேலைக்கு வா என்றார். அவர் போனதும் "என்ன விலை வரும்?" என்று கேட்டேன். "சொன்னா மயக்கம் போட்டுடுவ" என்றார் இவர். அந்தப் போத்தலை அவர் பிடித்திருந்த விதத்தைப் பார்க்க வேண்டுமே, பச்சைக் குழந்தையைத் தூக்கியதுபோல. துணி அலமாரியின் அடித்தட்டில், சுவரோரமாக, படுக்க வைத்தார். வீட்டிலேயே அதுதான் குளிர்ச்சியான இடம் என்றார்.

மறுநாள் நான் அதை அங்கிருந்து எடுத்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. எதற்காக வேண்டிக்கொள்கிறோமோ, அதைச் சேர்ந்த ஒரு பொருளை மாதா சுரூபத்துக்கு முன்னால் வைப்போம். காரியம் கைகூடும்வரை அதை யாரும் தொடக் கூடாது. கூலாயில் இருக்கும் என் அக்கா, பிள்ளை வேண்டுமென்று சின்ன வெள்ளிக் கொலுசு ஒரு சோடி வைத்தாள். கொலுசு கறுத்துப் போய், சொந்தக்காரர்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்த பிறகு பிள்ளை வந்தது. அந்த நினைப்பில் நானும் போத்தலைத் துடைத்து, நெட்டுக்குத்தாக, மாதாவின் காலடியில், மெழுகுவர்த்திக்கும் சின்னச் சிவப்பு விளக்குக்கும் நடுவில் நிறுத்தினேன். அவர் நாக்கைத் திருப்பிக் கொடு தாயே, அதுவரை இது உன்னுடையது என்றேன்.

அவர் குளித்துவிட்டு வந்து பார்த்தார். ஈரத் துண்டோடு போத்தலுக்குப் பக்கத்தில் வந்தார்.

"அங்கயா வச்ச?"

"ஆமா. நேர்ச்சை."

ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு தண்ணீர் போத்தலை எடுத்து ஒரு மிடறு குடித்தார். "சரி" என்றார். வாய் வறண்டுதான் பேச்சு நின்றுபோனது என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒயின் ருசி பார்க்கலாம் என்ற யோசனை அவருடையது. நாக்கு தூங்குகிறது, அதற்குத் தெரிந்த ஆளை அனுப்பித்தான் எழுப்ப வேண்டும் என்றார். டாக்டரிடம் கேட்டோம். ஒரு வாய் வைத்துத் துப்பிவிடுவதானால் சரி என்றார். மலிவிலிருந்து தொடங்கி மேலே போவது என்று முடிவாயிற்று. காலைப் பூசை முடிந்து வந்து, சாப்பாட்டு மேசையில் இரண்டு கண்ணாடிக் கோப்பைகள் வைப்போம். அதுவரை வாழ்க்கையில் நான் ஒயின் குடித்ததில்லை, அக்கா வீட்டுக் கிறிஸ்மஸ் ஒயினைத் தவிர.

முதல் போத்தல் பக்கத்துச் சீனர் கடையில் சோயா சாஸ் வரிசைக்குக் கீழே நின்றது. திருகு மூடி. விலை முப்பது வெள்ளிக்கு உள்ளேதான். நான் என் கோப்பையில் ஐஸ் போட்டுக்கொண்டேன். "அலமாக், ஐஸா?" என்று பதறிவிட்டு, "சரி விடு, இதுக்குப் போடலாம்" என்றார். அவர் வாயில் வைத்துச் சுழற்றி, கண்ணை மூடிக் காத்திருந்தார். பிறகு கிண்ணத்தில் துப்பினார். "ஈரமா இருக்கு. அவ்வளவுதான். நீ சொல்லு, உனக்கு என்ன வருது?"

எனக்கு என்ன வரும்? "ரோஸ் சிரப்பை முந்தின நாளே கலக்கி வச்சு, அதுல ஒரு ஆணியப் போட்ட மாதிரி இருக்கு" என்றேன். இது எதற்குச் சொல்கிறோம் என்று சலிப்பாகவும் இருந்தது. அவரோ முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். புளிப்பு நாக்கு நுனியிலா ஓரத்திலா? முழுங்கின பிறகு எவ்வளவு நேரம் நிற்குது? ஆணி என்றால் துருவா, ரத்தமா? கோர்ட்டில் சாட்சியைக் கேட்பதுபோலக் கேட்டார். நான் சொல்லச் சொல்ல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அவருக்கு நாக்கு நான்தான்.

இரண்டாவது, அறுபது வெள்ளி சொச்சம், சிலி நாட்டுச் சரக்கு. ஐஸ் போடக் கூடாது என்று முன்கூட்டியே உத்தரவு. பால் விடாத தேத்தண்ணியை அடுப்பில் மறந்துவிட்டுப் பிறகு குடித்தால் ஈறெல்லாம் இழுக்குமே, அந்த இழுப்பு. அதற்குப் பின்னால், பச்சை மிளகாய்க் காம்பைக் கிள்ளும்போது மூக்கில் ஏறுகிற வாசம். அதைச் சொன்னதும் மேசையைத் தட்டினார். "அதேதான்! அந்தத் திராட்சைக்கு அதுதான் அடையாளம். எத்தனை நாள் முழிச்சிருக்கேன் தெரியுமா, அதைக் கண்டுபிடிக்க?" எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த நொடியே அவர் முகம் விழுந்தது. "எனக்குத் தண்ணி மாதிரிதான் இருக்கு" என்று கோப்பையைத் தள்ளி வைத்தார்.

ஆஸ்திரேலியா ஒன்று வாங்கினோம், நூறை ஒட்டி. அடுத்த வீட்டில் மிளகு ரசம் கொதிக்கும்போது நம் வீட்டில் ஜாம் கிண்டினால் எப்படி இருக்கும், அப்படி. எனக்குப் பிடித்தது. துப்ப மனம் வராமல் முழுங்கி, காதெல்லாம் சூடாகி, அவர் அம்மாவைப் பற்றி ஏதேதோ பேசிவிட்டேன். அவர் கோபிக்கக்கூட இல்லை. கிறிஸ்மஸுக்கு அக்கா தன் ஒயினைக் கொண்டுவந்தாள். ஜாடியில் திராட்சையும் சீனியும் கோதுமையும் கிராம்பும் போட்டு ஊற வைக்கிற அந்தப் பழைய பக்குவம்தான். இந்த மனுஷன் வருஷா வருஷம் அதைக் குடித்துவிட்டு, "அண்ணி, இருமல் வந்தா இதைத்தான் குடிக்கணும்" என்று கேலி செய்வார். அவளும் அடிக்கக் கையை ஓங்குவாள். அந்தக் கேலிக்காகவே அந்த வருஷமும் கோப்பையை நிரப்பி அவர் முன்னால் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். வாயில் வைத்தார். "நல்லாருக்கு அண்ணி" என்றார். அக்கா குசினிக்குள் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் கூடப் போய் அவளைத் திட்டினேன், அவருக்குக் கேட்டுவிடப் போகிறதே என்று.

அதன் பிறகு வந்ததுதான் பிரெஞ்சுப் போத்தல். அக்கா வீட்டுக்காரர் மெர்சிங்கிலிருந்து படகேறித் தீவுக்கு மீன் பிடிக்கப் போனவர், அங்கே வரியில்லாத கடையில் வாங்கி வந்தார். வரியில்லாமலே இருநூறைத் தொடுகிற விலை. குடித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒன்றுமே இல்லை. மெலிசான புளிப்பு, கொஞ்சம் துவர்ப்பு. "இதுக்கா இருநூறு? ஏமாத்திட்டாங்க" என்று எழுந்து பாத்திரம் கழுவப் போனேன். சட்டி எல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கையைத் துடைக்கும்போது கவனித்தேன்: அது இன்னும் வாயில் இருந்தது. மழை விட்டதும், எண்ணெய் எடுக்கிற செம்பனைக் காட்டுக்குள் ஒரு வாசம் எழும்புமே, ஈர மண்ணும் அழுகின மட்டையும் காளானும் சேர்ந்து. நான் பிறந்து வளர்ந்த இடத்தின் வாசம். யாரோ எங்கேயோ பிழிந்த பழத்தில் அது எப்படி வந்தது? கூடத்துக்கு ஓடி வந்து அவரிடம் சொன்னேன்.

"அதுதான்" என்றார் அவர். "முழுங்கின பிறகும் போகாம நிக்கும். அதுக்குத்தான் அவ்வளவு விலை. பாலத்துல பஸ்ஸு நகராம நிக்கும்ல, அப்ப எனக்கு அது கூடவே வரும். அலுப்பே தெரியாது." தண்ணீர் குடித்தார். "உனக்குக் கெடைச்சிருச்சு பாரு."

பொறாமையில்லாமல்தான் சொன்னார். எனக்குத்தான் தாங்கவில்லை. அவர் ஏதோ வேலையை இழந்துவிட்டார், சாப்பாட்டு ருசியை இழந்துவிட்டார் என்று அதுவரை பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தேன். எதை இழந்தார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது, அதுவும் அவருக்குச் சேர வேண்டியதை நான் வாங்கிக் குடித்து. அன்று மெழுகுவர்த்தி கொளுத்தியபோது மாதாவிடம் கொஞ்சம் முரட்டுத்தனமாகவே பேசினேன். எனக்கு எதுக்குக் குடுத்தே? நான் கேட்டேனா?

வருஷம் திரும்பியது. முதலாளி போன் செய்தார். சுற்றி வளைத்துப் பேசியதிலேயே விஷயம் விளங்கிவிட்டது. அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்கள். அவரைக் குறை சொல்ல முடியாது, இவ்வளவு நாள் எவன் வைத்திருப்பான்? இவர் "ஓகே போஸ், தேங்க் யூ போஸ்" என்று போனை வைத்துவிட்டு, மாதாவின் பக்கம் கை நீட்டினார்.

"அதை எடு. திறந்துடலாம்."

"இன்னும் நிறைவேறல. தொடக் கூடாது."

"இனிமே எதுக்கு வைக்கணும்? எடு."

"எதுக்குன்னு கேக்குறீங்களா? ஒரு வருஷமா யாருக்காக முட்டி தேய நிக்கிறேன்?" கத்தினேன். அவரும் கத்தப் பார்த்தார், குரல் உடைந்து இருமல் வந்துவிட்டது. இருமி முடித்துவிட்டு, "மாதா கோவிச்சுக்க மாட்டாங்கம்மா. எடு" என்றார் மெதுவாக. அந்த 'அம்மா'வில் எனக்குத் தெம்பெல்லாம் போய்விட்டது.

எடுத்தேன். தோள்பட்டையில் மெழுகு வழிந்து காய்ந்திருந்தது. பின்னேர வெயில் அந்த மூலைக்கு நேராக அடிக்கும். கண்ணாடி, தூங்குகிற பிள்ளையின் நெற்றிபோல வெதுவெதுப்பாக இருந்தது. கார்க் கொஞ்சம் மேலே எழும்பி, கழுத்தைச் சுற்றிப் பிசுபிசுவென்று ஒட்டியது. அவர் அதையெல்லாம் விரலால் தடவிப் பார்த்தார். துண்டைக் கையில் போட்டுக்கொண்டு, எழுந்து நின்று, மேசையில் பெரிய மனுஷர்கள் உட்கார்ந்திருப்பதுபோல முறைப்படி திறந்தார். கை மறக்கவில்லை. எனக்கு முதலில் ஊற்றினார்.

வாயில் வைத்ததுமே தெரிந்துவிட்டது. வினிகர். அதற்கடியில் சட்டியில் கரிந்துபோன பேரீச்சம்பழம். அவ்வளவு பெரிய போத்தலில் அவ்வளவுதான் மிச்சம். மெழுகு, விளக்கு, வெயில் எல்லாம் ஒரே நேரத்தில் என் மண்டைக்குள் எரிந்தன. நான்தான் சமைத்திருக்கிறேன் இதை, ஒரு வருஷமாக, தினமும் செபம் சொல்லி. முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு முழுங்கினேன்.

"நல்லாருக்குங்க" என்றேன்.

அவர் தன் கோப்பையை எடுத்து நன்றாகவே ஒரு வாய் குடித்தார். உடனே தோள் தூக்கிப் போட்டது. ஒரு கண் மூடிக்கொண்டது. கை தாடையைப் பிடித்தது. வலியோ என்று நான் பாய்ந்து எழுந்தேன். அப்போது அவர் கடைவாயிலிருந்து ஒரு கோடு தண்ணீர் வழிந்து நாடிக்கு இறங்கியது. விரலால் தொட்டுப் பார்த்தார். விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புளிக்குது" என்றார். "வாய் ஊறுது. ஏய், வாய் ஊறுதுடி."

என் முகத்தைப் பார்த்து அவர் ருசியை ஊகித்துச் சொல்லிவிடலாம். எச்சிலை யாரும் நடிக்க முடியாது. நான் மேசையில் தலையை வைத்து அழுதேன். சிரிப்பும் வந்தது, அவமானமும் வந்தது. "கெட்டுப்போச்சுங்க. நான்தான் வெயில்ல வச்சுக் கெடுத்துட்டேன்" என்றேன்.

"தெரியும்."

"எப்ப?"

"வச்ச அன்னிக்கே."

"பாவி மனுஷா, ஏன் சொல்லல?"

அவர் அடுத்த வாயைக் குடித்து, மறுபடி தோளைக் குலுக்கி, மறுபடி நாடியைத் துடைத்தார். "சொன்னா எடுத்திருப்ப. எடுத்துட்டா அப்புறம் யாரு வேண்டிக்கிறது? நான் விட்டு ரொம்ப நாளாச்சு" என்றார். அந்தக் கோப்பையை முழுதாகக் குடித்தார், துப்பவில்லை. இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார்.

மறுநாள் காலையிலேயே எழுந்து ரசம் வைத்தேன். வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை. இரண்டு முறை புளியைக் கரைத்து ஊற்றினேன். சோற்றில் ஊற்றி, அவர் எதிரில் உட்கார்ந்தேன். ஒரு வாய் வைத்தார். ஒரு நொடி நிறுத்தினார். அந்த நிறுத்தத்தைப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று.

"புளி தூக்கலா இருக்கு" என்றார்.

ஓடிப் போய் என் தட்டிலும் ஊற்றிக்கொண்டு வந்து ஒரு வாய் வைத்தேன். புளி தூக்கல்தான். உப்பு போடவே மறந்திருந்தேன். ஒரு கல்கூட இல்லை. அவர் அடுத்த வாயை எடுத்தார், அதற்கடுத்ததையும். உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் காத்திருந்து பார்த்தேன். தட்டு காலியாகும்வரை சொல்லவில்லை.

"ஆமாங்க, புளி கூடிப்போச்சு" என்றேன். "நாளைக்குக் கொறைச்சுப் போடுறேன்."